கடுகுக்கு டெஸ்ட்

திங்கட்கிழமை காலையில் கடையைத் திறந்து, அலமாரிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே டெஸ்டருக்கு மனைவியிடமிருந்து போன் வந்தது. வழக்கமாக அந்த நேரத்தில் அவள் யாருடைய முழங்காலையாவது மடக்கி நீட்டிக்கொண்டிருப்பாள்.

"யோவ், நிக்கறீங்களா, உக்காந்திருக்கீங்களா?"

"நிக்கறேன். ஏன்?"

"உக்காருங்க. அந்த ஸ்கூல்லேர்ந்து கூப்பிட்டாங்க. ஒரே ஒரு சீட்டு காலியாம். சனிக்கிழமை நம்ம கடுகைக் கூட்டிட்டு வரச் சொல்றாங்க. சும்மா இல்ல, டெஸ்டாம்."

டெஸ்டர் உட்காரவில்லை. கையிலிருந்த துணியைத் தலைக்கு மேல் ஒரு சுற்று சுற்றி வீசினான். அது பறந்து போய், லென்ஸ் தேய்க்கிற மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த லென்ஸ் மாமாவின் டம்ளருக்குள் விழுந்தது.

"ஏம்ப்பா, டீயில ஈ விழும், கேள்விப்பட்டிருக்கேன்," என்றார் லென்ஸ் மாமா. "துணி விழுந்து இன்னைக்குத்தான் பாக்கறேன்."

டெஸ்டர் என்பது அவன் பெயர் இல்லை. மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் டெஸ்ட் பண்ணுகிறவன் என்பதால் கடை முதலாளி அப்படிக் கூப்பிட்டார், கடையைப் பார்த்துத் தெரு கூப்பிட்டது, தெருவைப் பார்த்து மாமனாரே கூப்பிட ஆரம்பித்துவிட்டார். மனைவி பிசியோதெரபிஸ்ட். போன வருஷம் அவளுக்கு வேறொரு ஊரில், பெரிய ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. விட மனசில்லாத வேலை. அதனால் வாரம் முழுக்க அவள் அங்கே லேடீஸ் ஹாஸ்டலில். அவனும் மகளும் இங்கே. சனிக்கிழமை சாயங்காலம் பஸ்ஸில் வந்து இறங்குவாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மறுபடி ஏறுவாள். கல்யாணமாகிக் குழந்தையும் பிறந்த பிறகு இரண்டு பேரும் காதலர்களைப் போல பஸ் ஸ்டாண்டில் நின்று கண்கலங்குவதைப் பார்த்துக் கண்டக்டர்களே கேலி பண்ணினார்கள். "அக்கா, டிக்கெட் ஒண்ணா, ரெண்டா? அண்ணன் முகத்தைப் பாத்தா ரெண்டு கிழிச்சிடலாம்போல இருக்கு."

அந்த ஊரில் ஒரு கடையில் டெஸ்டருக்கு வேலை பேசியாகிவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் பின்னாலேயே மாடி வீடு ஒன்றும் பார்த்தாகிவிட்டது. ஆனால் பள்ளிக்கூடம் மட்டும் அமையவில்லை. எங்கே போய்க் கேட்டாலும், "வருஷத்து நடுவுல சேர்க்கறதில்லைங்க" என்று கையை விரித்தார்கள். இந்தப் பள்ளிக்கூடம் ஒன்றுதான் பெயரை எழுதி வைத்துக்கொண்டது. இப்போது கூப்பிட்டுவிட்டது. சீட்டு கிடைத்தால் மூன்று பேரும் ஒரே வீட்டில். கிடைக்காவிட்டால் இன்னொரு வருஷம் பஸ் ஸ்டாண்ட்தான். அதுவரை அந்த வேலையும் காத்திருக்காது, வீடும் காத்திருக்காது.

"இன்னொண்ணு," என்றாள் அவள் போனில். "சீட்டு கெடச்சாதான் அம்மாகூட இருக்கலாம்னு அவகிட்ட மூச்சு விடக் கூடாது. அஞ்சரை வயசுப் புள்ள. அது தலையில இவ்ளோ பெரிய பாரத்தை ஏத்தாதீங்க. டெஸ்ட்னு மட்டும் சொல்லுங்க, போதும்."

"உத்தரவு மேடம்."

"மேடமாவது மண்ணாவது. வைக்கறேன், முழங்கால் ஒண்ணு அந்தரத்துல தொங்குது."

மத்தியானம் கடுகு பாலர் பள்ளியிலிருந்து வந்தாள். தினமும் சாயங்காலம் வரை கடைதான் அவளுக்கு வீடு. கல்லாவுக்குப் பக்கத்தில் குட்டி ஸ்டூல், எதிரே ஃபிரேம் அலமாரி. கடுகு என்பது ஆஸ்பத்திரி நர்ஸ் வைத்த பேர். பிறந்தபோது அத்தனை சின்னதாக இருந்தாள். காரம் பிறகுதான் தெரிந்தது.

"கடுகு, சனிக்கிழமை உனக்கு டெஸ்ட்."

பையைக் கழற்றிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றாள். "எனக்கா?"

"உனக்கேதான்."

"நெஜம்மா? விளையாட்டுக்கு இல்லையே?"

"நெஜம்மா. ஒரு மிஸ் பண்ணுவாங்க. அம்மா ஊர்ல."

கடுகு பையைக் கீழே போட்டாள். ஒரு கையை இடுப்பில் வைத்து, இன்னொரு கையை மேலே தூக்கி, கடை முழுக்க ஒரு ஆட்டம் ஆடி வந்தாள். கண் டெஸ்டுக்குக் காத்திருந்த பெரியவர் காலை மடக்கிக்கொண்டு வழி விட்டார்.

"பாத்தீங்களா மாமா?" டெஸ்டருக்கு நெஞ்சு விம்மியது. "எந்தப் புள்ளையாவது டெஸ்ட்னா இப்படிக் குதிக்குமா? நானெல்லாம் டெஸ்ட்னா வயித்துவலின்னு படுத்துக்குவேன்."

"அப்ப உன் பொண்ணே இல்லப்பா இது," என்றார் லென்ஸ் மாமா.

அன்றிலிருந்து கடை பாதி நேரம் கடையாகவும் பாதி நேரம் பள்ளிக்கூடமாகவும் இருந்தது. வடிவம், நிறம், எண்ணிக்கை, எழுத்து, கதை சொல்வது, ஒற்றைக் காலில் நிற்பது. இதெல்லாம் கேட்பார்கள் என்று மனைவி யாரிடமோ விசாரித்துச் சொல்லியிருந்தாள். டெஸ்டர் கையில் கிடைத்ததை வைத்துச் சொல்லிக்கொடுத்தான். வட்ட ஃபிரேமைக் காட்டி வட்டம், சதுர ஃபிரேமைக் காட்டிச் சதுரம். முக்கோண ஃபிரேம் உலகத்தில் யாரும் போடுவதில்லை என்பதால் லென்ஸ் மாமா உடைந்த லென்ஸ் ஒன்றைத் தேய்த்து முனை மழுக்கிக் கொடுத்தார். குளிர் கண்ணாடிகளை வரிசையாக வைத்து நிறம். எழுத்துக்குச் சுவரில் பலகையே தொங்குகிறதே! மேலே யானை மாதிரி ஒரு 'ட', கீழே போகப்போக எறும்பாகத் தேய்ந்துபோகிற எழுத்துகள். கடுகு எல்லாவற்றையும் தண்ணீர் குடிக்கிற மாதிரி குடித்தாள்.

சாயங்காலம் வீடியோவில் அம்மா வருவாள். ஹாஸ்டல் கட்டிலில் உட்கார்ந்து, தலையைப் பின்னிக்கொண்டே கேள்வி கேட்பாள்.

"கடுகு, இலை என்ன கலர்?"

"பச்சை."

"மண்ணு?"

"பிரவுன். மேல இருட்டா, கீழ வர வர வெளிச்சமா. வெயில்ல வண்டி ஓட்டறவங்களுக்கு நல்லது."

போனுக்குள் பின்னல் நின்றது. "யோவ், இவ ஸ்கூல்ல சேரப் போறாளா, கடை வைக்கப் போறாளா?"

"கலர் கேட்டே, கலர் சொன்னா. சரியாத்தானே மேடம் சொல்றா?"

"சரி சரி. கடுகு, ஒத்தக்கால்ல நில்லு பாக்கலாம். அப்பாவும் நிக்கட்டும்."

"நான் எதுக்கு?"

"உங்களைத்தான் பாக்கணும். அவ நிப்பா."

கடுகு கொக்கு மாதிரி நின்றாள். டெஸ்டர் நின்றான், ஆடினான், பிடிமானம் தேடிக் கையை நீட்டினான், துணிக்கொடியோடும் அதில் காய்ந்த துணிகளோடும் தரைக்கு வந்து சேர்ந்தான். போனுக்குள் அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கட்டில்காரி எட்டிப் பார்த்தாள். "இவர்தானா உன் வீட்டுக்காரர்? நீ சொன்னதைவிட நல்லாவே விழறாரு!"

"என்னைப் பத்தி அங்க என்ன சொல்லி வச்சிருக்கே?" என்றான் தலையில் முக்காடு மாதிரி கிடந்த துண்டை விலக்கிக்கொண்டு.

"நேர்ல வாங்க, சொல்றேன்," என்றாள். அதைச் சொன்ன விதத்தில், குழந்தை பக்கத்தில் இருப்பது நினைவு வந்து டெஸ்டர் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கடையில் கூட்டம். திரைக்குப் பின்னால் இருட்டறையில் டெஸ்டர் ஒரு தையல்கார அம்மாவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். அவள் மூக்கின் மேல், லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கிற கனமான சோதனை ஃபிரேம்.

"எது தெளிவா இருக்கு? ஒண்ணா… ரெண்டா?"

"மொதல்ல காட்டினியே, அது."

"அதுதாம்மா ஒண்ணு. இப்போ, ரெண்டா… மூணா?"

"ரெண்டும் ஒண்ணுபோலதான் இருக்கு தம்பி. நீயே பாத்து நல்லதா ஒண்ணு குடேன்."

"கத்திரிக்காயாம்மா, நான் பாத்துக் குடுக்க?"

திரைக்கு அந்தப் பக்கம் கடுகும் லென்ஸ் மாமாவும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"மாமா, டெஸ்ட்ல எல்லாம் கரெக்டா சொல்லிட்டா என்ன குடுப்பாங்க?"

"ஒண்ணும் குடுக்க மாட்டாங்க. எல்லாம் நல்லாருக்கு, வீட்டுக்குப் போன்னு அனுப்பிருவாங்க."

"தப்பா சொன்னா?"

"தப்பா சொன்னா கண்ணாடிதான்!"

"ஒரே ஒரு தப்பு?"

"ஒண்ணெல்லாம் பத்தாது கண்ணு. நல்லா தப்பு தப்பா சொல்லணும்."

மெஷின் 'கிர்ர்' என்றது. தையல்கார அம்மா மறுபடி முதலிலிருந்து காட்டச் சொன்னாள். அந்தப் பேச்சு டெஸ்டரின் காதில் விழுந்தது, மனசில் விழவில்லை.

சனிக்கிழமை விடியற்காலையிலேயே பஸ் ஏறினார்கள். வழியெல்லாம் கடுகு சொன்ன பதில்களைக் கேட்டு முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்து, "பாப்பா எங்க, பெரிய படிப்பு பரீட்சைக்கா?" என்றார். டெஸ்டர் தலைகால் புரியாமல் உட்கார்ந்திருந்தான். அந்த மாடி வீட்டை மனசுக்குள் ஒழுங்கு பண்ணவே ஆரம்பித்துவிட்டான். கட்டில் ஜன்னல் பக்கம். கடுகின் புத்தக அலமாரி கதவோரம்.

பஸ் ஸ்டாண்டில் அவள் நின்றாள். ஆஸ்பத்திரியில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு, இருப்பதிலேயே நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு. கடுகு ஓடிப்போய் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அவள் மகளின் தலையைத் தடவிக்கொண்டே கணவனின் சட்டைக் காலரைச் சரிசெய்தாள்.

"கல்யாணத்துக்கு வந்த மாதிரி இருக்கீங்க."

"நீ மட்டும் என்ன? பொண்ணு பாக்க வரச் சொன்ன மாதிரி நிக்கறே."

"பாத்தாச்சுல்ல? பொண்ணு பிடிச்சிருக்கா?"

"டெஸ்டுக்கு நேரமாச்சு!" என்று கடுகு இரண்டு பேர் கையையும் பிடித்து இழுத்தாள்.

பள்ளிக்கூடத்தில் ஒரு சின்ன அறை. சுவரெல்லாம் குழந்தைகள் வரைந்த வீடுகள், எல்லா வீட்டுக்கு மேலும் ஒரு சூரியன். எல்லாமே பொம்மைச் சைஸ் நாற்காலிகள். டெஸ்டரும் மனைவியும் முழங்கால் தாடையில் இடிக்கச் சுவரோரமாக உட்கார்ந்தார்கள். மேஜைக்குப் பின்னால் டீச்சர். வட்ட முகம், பெரிய மூக்குக்கண்ணாடி. கடுகு அந்தக் கண்ணாடியைப் பார்த்த பார்வையில் பக்தியே இருந்தது.

"ஒரே ஒரு நிபந்தனைதான்," என்றார் டீச்சர் பெற்றோரைப் பார்த்து. "நான் கேக்கற வரைக்கும் நீங்க வாய் திறக்கக் கூடாது. கண்ணு, கை, செருமல், எதுவும் ஆகாது. குழந்தைதான் பேசணும்."

இரண்டு பேரும் தலையாட்டினார்கள்.

பெயரைக் கேட்டார். கடுகு ஒழுங்காகச் சொன்னாள். வயசைக் கேட்டார். அதையும் ஒழுங்காகச் சொன்னாள். டீச்சர் முதல் கார்டை எடுத்துக் காட்டினார். சிவப்புப் பந்து.

கடுகு உள்ளங்கையால் இடது கண்ணை மூடிக்கொண்டாள்.

"கண்ணுல ஏதாவது விழுந்துடுச்சா?"

"இல்ல மிஸ். ஒவ்வொரு கண்ணாத்தானே பாக்கணும்?"

"ஓ… சரி. இந்தப் பந்து என்ன கலர்?"

கடுகு தலையைச் சாய்த்தாள். முன்னால் குனிந்தாள். பெருமூச்சு விட்டாள். "பச்சை மாதிரி தெரியுது மிஸ். கொஞ்சம் மங்கலா இருக்கு."

டெஸ்டர் நிமிர்ந்து உட்கார்ந்தான். பரவாயில்லை, முதல் கேள்வி, பதற்றம் என்று சமாதானம் செய்துகொண்டான்.

"இதுல எத்தனை பூ?" ஏழு பூக்கள்.

"மூணு."

"இந்த வடிவம்?" முக்கோணம்.

"வட்டம்."

"இது என்ன மிருகம்?" சுவர் மாதிரி ஒரு யானை.

கடுகு கையை மாற்றி வலது கண்ணை மூடிக்கொண்டாள். "எலி."

மனைவியின் விரல்கள் டெஸ்டரின் தொடையைத் தேடிப் பிடித்து ஒரு கிள்ளு கிள்ளின. என்னய்யா சொல்லிக் குடுத்தீங்க என்று அந்தக் கிள்ளுக்கு அர்த்தம். அவன் கைக்குட்டையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டான்.

'ட' என்ற எழுத்து 'ப' ஆனது. பெரிய பெட்டி சின்னதானது, சின்னது பெரியதானது. "ஒத்தக்கால்ல நில்லு பாப்போம்" என்றதற்கு, கடுகு இரண்டு காலையும் தரையில் ஆணி அடித்த மாதிரி ஊன்றி நின்று, "நின்னுட்டேன்" என்றாள்.

டீச்சர் இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் பிடித்தார். "இந்த ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

"அப்படிக் கேக்கக் கூடாது மிஸ்," என்றாள் கடுகு பொறுமையாக. "எது தெளிவா இருக்கு, ஒண்ணா ரெண்டான்னு கேக்கணும்." பிறகு அவளே பதிலும் சொன்னாள். "ரெண்டும் ஒண்ணுபோலதான் இருக்கு. நீங்களே பாத்து நல்லதா ஒண்ணு குடுங்க."

டெஸ்டரின் தலைக்குள் பளீரென்று விளக்கு எரிந்தது.

இவளுக்குத் தெரிந்த டெஸ்ட் ஒன்றே ஒன்றுதான். அந்த டெஸ்டில் எல்லாம் சரியாகச் சொன்னவர்கள் வெறுங்கையோடு வீட்டுக்குப் போவார்கள். தப்பாகச் சொன்னவர்களைத்தான் நாற்காலி போட்டு உட்காரவைப்பார்கள், முகக்கண்ணாடி காட்டுவார்கள், "அடடா, உங்களுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு" என்பார்கள், பளபளக்கிற பெட்டியில் துடைக்கத் துணியும் வைத்துக் கொடுப்பார்கள். தினமும் மத்தியானம் ஸ்டூலில் உட்கார்ந்து அவள் பார்த்துக்கொண்டிருந்தது இதைத்தான். சொல்லிக்கொடுத்தது எதுவும் மறக்கவில்லை. நெஜமான டெஸ்டுக்காகப் பத்திரமாக எல்லாவற்றையும் தப்பாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்!

அவன் எழுந்தான். நாற்காலியும் கூடவே எழுந்தது. அத்தனை இறுக்கமாக அதில் மாட்டிக்கொண்டிருந்தான். டீச்சர் ஒரு விரலைத் தூக்கினார். நாற்காலியோடு உட்கார்ந்தான்.

"இப்ப நீங்க பேசலாம்," என்றார் டீச்சர் கவலையோடு. "பாப்பாவுக்கு எப்பவாவது கண் டெஸ்ட் பண்ணிப் பாத்திருக்கீங்களா?"

"பண்ணியிருக்கேங்க. கண்ணு ரெண்டும் கழுகுக் கண்ணுங்க."

"எங்க பண்ணினீங்க?"

"நான்தாங்க பண்ணினேன். என் வேலையே… கண் டெஸ்ட் பண்றதுதாங்க."

டீச்சர் தன் கண்ணாடியைக் கழற்றி அவனைப் பார்த்தார். பிறகு மாட்டிக்கொண்டு பார்த்தார். இரண்டு விதத்திலும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை என்று தெரிந்தது.

"மிஸ், அவ தெரியாம சொல்லலைங்க, தெரிஞ்சேதான் தப்பா…" டெஸ்டருக்கு நாக்கு குழறியது.

"எல்லா அப்பாவும் சொல்றதுதாங்க இது. வீட்டுல எல்லாம் சொல்லுவா, இங்கதான் சொல்லலைன்னு." அவர் குரல் கனிவாகவே இருந்தது, அதுதான் இன்னும் பயமாக இருந்தது. கார்டுகளை அடுக்கிப் பெட்டிக்குள் வைத்தார். "மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க. குழந்தைக்கு இன்னும் கொஞ்ச நாளாகட்டும். அடுத்த வருஷம் பாக்கலாம்."

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது. ஜன்னலோரக் கட்டில், கதவோர அலமாரி, எல்லாவற்றையும் யாரோ மாடிப்படியில் இறக்கி எடுத்துப் போவது டெஸ்டருக்குக் கண்ணில் தெரிந்தது. மனைவியைப் பார்க்கத் திரும்பினான். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கிள்ளிய கை இப்போது அவன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"முடிஞ்சுதா மிஸ்?" என்றாள் கடுகு.

"முடிஞ்சுது கண்ணு."

"அப்போ கண்ணாடி?"

"எந்தக் கண்ணாடி?"

"செவப்பு. ஓரத்துல பூனைக் காது மாதிரி தூக்கிட்டிருக்குமே, அது. இல்லன்னா நீலம்கூடப் பரவாயில்ல."

"இங்க கண்ணாடியெல்லாம் குடுக்கறதில்லையே, பாப்பா."

கடுகின் வாய் பிளந்தது. அந்த முகத்தில் மெதுவாக ஒரு மழை கூடியது.

"ஆனா நான் எல்லாம் தப்பாத்தானே சொன்னேன்! ஒண்ணுகூட கரெக்டா சொல்லலையே! பந்து செவப்பு, நான் பச்சைன்னு சொன்னேன். பூ ஏழு இருந்துச்சு, மூணுன்னு சொன்னேன். அது முக்கோணம், நான் வட்டம்னேன். எனக்கு ஆனை தெரியாதா? அவ்ளோ பெரிய ஆனையைப் போயி எலின்னேனே!" அழுகை பெருகப் பெருகக் கணக்கும் பெருகியது. "'ட'வை 'ப'ன்னேன். பெரிய பெட்டியைச் சின்னதுன்னேன். அந்த ரெண்டு படத்துலயும், ஒரு வீட்டுல புகைக்கூண்டு இருக்கு, இன்னொண்ணுல இல்ல, நாய்க்கு வால் இல்ல, ஜன்னல் மூணு இங்க, ரெண்டு அங்க! அதைக்கூட நான் சொல்லவே இல்லையே! ஒத்தக்கால்ல நான் எவ்ளோ நேரம் வேணா நிப்பேன்!"

சொல்லிவிட்டு ஒற்றைக் காலில் நின்றும் காட்டினாள். இரண்டு கண்ணிலும் தண்ணீர் தாரை தாரையாக ஓட, கொக்கு மாதிரி, துளி ஆட்டம் இல்லாமல்.

டீச்சர் பெட்டிக்குள் வைத்த கார்டுகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். பந்தைப் பார்த்தார். பூவை எண்ணினார். அந்த இரண்டு படங்களையும் கண்ணுக்கு அருகில் கொண்டுபோனார். "நாய்க்கு வாலில்லாதது இதுவரைக்கும் எனக்கே தெரியாது," என்றார் மெல்ல. பிறகு அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "ஐயோ… தப்பாவே சொல்லணும்னா எல்லாம் தெரிஞ்சிருக்கணுமேடி! குருட்டாம்போக்குல ஒண்ணாவது சரியா வந்திருக்குமே! ஒண்ணுகூட வரலையே!"

டெஸ்டர் ஒரே மூச்சில் சங்கதியைச் சொன்னான். கடை, ஸ்டூல், சிவப்பு ஃபிரேம், லென்ஸ் மாமா எல்லாம். டீச்சர் கேட்டுவிட்டுக் கடுகைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"சரி, எப்படிச் சேத்தீங்கன்னு நாளைக்கு யாரும் என்னைக் கேக்கக் கூடாது பாரு. எல்லாத்தையும் இன்னொரு தடவை கேக்கறேன். இந்தத் தடவை சரியா சொல்லணும்."

கடுகு மூக்கை உறிஞ்சினாள். அவள் கடையில் வளர்ந்த பெண். "சரியா சொன்னா என்ன கெடைக்கும்?"

டீச்சர் பெற்றோரைப் பார்த்தார். "இதை நீங்கதான் சொல்லணும்."

மனைவி எழுந்து போய், கடுகின் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தாள். எதுவும் சொல்லக் கூடாது என்று உத்தரவு போட்டவளே அவள்தான். மகளின் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

"சரியா சொன்னா அம்மா இனிமே ஞாயித்துக்கிழமை பஸ் ஏறமாட்டேன். நீ இந்த ஸ்கூலுக்கு வரலாம். நீ, நான், அப்பா, மூணு பேரும் ஒரே வீட்டுல இருக்கலாம். தினமும்."

கடுகு யோசித்தாள். "தினமும்னா… செவ்வாய்க்கிழமைகூடவா?"

"செவ்வாய்க்கிழமைகூட."

"காலையில எழுந்திருக்கும்போதும் இருப்பியா?"

"நான்தான்டி எழுப்புவேன்."

கடுகு திரும்பி அப்பாவைப் பார்த்தாள். ஊரில் உள்ள மாமியார்களெல்லாம் கூடிப் பார்த்தாலும் அப்படி ஒரு பார்வை வராது. "இதை மொதல்லயே சொல்றதுக்கு என்ன?" என்றாள். "டெஸ்ட் டெஸ்ட்னு மட்டும் சொன்னா எனக்கு என்ன தெரியும்? பெரியவங்கதானே நீங்க?"

பிறகு மேஜையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். "காட்டுங்க மிஸ். சீக்கிரம்."

அதற்கப்புறம் டீச்சர் கார்டை முழுசாகத் திருப்பவே இல்லை. ஓரம் தெரிந்ததுமே பதில் வந்து விழுந்தது. "செவப்பு! ஏழு! முக்கோணம்! ஆனை, அதோட தந்தம் ஒண்ணு குட்டை! ட!" கேட்காத கேள்விக்கும் பதில் வந்தது. "உங்க கண்ணாடி ஓவல் மிஸ், இடது பக்கம் திருகு லூசா இருக்கு, அப்பாகிட்ட குடுத்தா முடுக்கித் தருவாங்க!" டீச்சர் இரண்டு கையையும் தூக்கிச் சரணடைந்தார்.

"திங்கக்கிழமை கூட்டிட்டு வந்துடுங்க," என்றார். "முடியாதுன்னா செவ்வாய். ஆனா வேற யாருக்கும் இந்த சீட்டு கெடையாது. இவளை நான் விடறதா இல்ல."

டெஸ்டர் நன்றி சொல்ல எழுந்தான். நாற்காலியும் எழுந்தது. டீச்சர் ஒரு பக்கமும் மனைவி ஒரு பக்கமுமாகப் பிடித்து இழுத்து அவனை விடுவித்தார்கள். திருகையும் முடுக்கிக் கொடுத்துவிட்டுத்தான் வெளியே வந்தான்.

வெளியே வராந்தாவில் யாரும் இல்லை. மூன்று பேரும் மரியாதையாக, மெதுவாக, வாசற்படி வரை நடந்தார்கள். படியில் இறங்கியதும் மனைவிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. நல்ல புடவையோடு படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "எலியாம்… யோவ், அந்த ஆனையைப் போயி எலின்னு…" டெஸ்டரும் உட்கார்ந்தான். சிரித்தார்களா அழுதார்களா என்று பார்த்தவர்களால் சொல்லியிருக்க முடியாது. தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தவர் குழாயை மறந்து நின்றதில் செடி மூழ்கிக்கொண்டிருந்தது.

"எழுந்திரு, எழுந்திரு," என்றான் அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "வீட்டுக்கார அம்மாகிட்ட சாவி வாங்கணும். கட்டிலை ஜன்னலோரம் போட்டுடலாம்."

"ஜன்னலோரமா? காலையில வெயில் மூஞ்சியில அடிக்கும். சுவரோரம்தான்."

"காத்து வேணாமா?"

"வாரம் ஒரு நாள் பாத்தப்போ நான் எது சொன்னாலும் சரி சரின்னீங்க!"

"அப்ப நீ ஊருக்குப் போயிடுவேன்னு தைரியம்."

"ஓஹோ! இப்பவே ஆரம்பிச்சாச்சா? சமையலும் நீங்கதான், சொல்லிட்டேன். துணி காயப்போடறதும் நீங்கதான், கொடியோட விழுந்தாலும் சரி."

"ஜன்னலோரம்."

"சுவரோரம்!"

தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு இரண்டு பேர் குரலும் ஏறியிருந்தது. இரண்டு பேர் முகமும் பூரித்துப் போயிருந்தது. இரண்டு பேருக்கும் நடுவில், இரண்டு கையையும் ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்துவிட்டு, கடுகு நிமிர்ந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள்.

"இனிமே தினமும் இப்படித்தான் சண்டை போடுவீங்களா?"

"தினமும்," என்றான் அப்பா.

"விடாம," என்றாள் அம்மா.

கடுகு திருப்தியாகத் தலையாட்டினாள். இரண்டு பேர் கையிலும் தொங்கி, காலைத் தரையிலிருந்து தூக்கிக்கொண்டு, "சரி, இப்ப என்னை ஆட்டுங்க," என்றாள்.